மஹபூப் பாய் எழுதிய கண்டன உரை

டிராக்டர் டிரெய்லர் மேல் நின்று தினேஷ் அன்று பேசிய பேச்சுக்கு விழுந்த கைதட்டல், எங்கள் பட்டிமன்றக் குழுவுக்கு எந்த மேடையிலும் விழுந்ததில்லை. பொறாமையில் சொல்லவில்லை. சரி, பொறாமையும் கொஞ்சம் உண்டு.

காலை பதினோரு மணி வெயில். தினேஷின் கழுத்தில் காவித் துண்டு, கையில் ஆறு பக்கத் தாள். சுற்றிலும் நல்ல கூட்டம். ‘கோயில் தெருவில் அவர்கள் கடைகள் எதற்கு?’ என்று தெலுங்கில் பெரிதாகவும் தமிழில் சின்னதாகவும் பேனர் கட்டியிருந்தார்கள். நான் மருந்துக்கடை வாசலில் குடையோடு நின்றிருந்தேன். பேரணிக்கு வந்ததாக யாரும் நினைத்துவிடக் கூடாதென்று ஓர் இருமல் மருந்தை வாங்கிக் கையில் பிடித்திருந்தேன். எனக்கு இருமல் இல்லை.

தினேஷ் தொண்டை கிழியப் பேசினான்.

“போ என்று சொல்வது எளிது பெரியோர்களே! சித்தூர் பஸ்ஸில் ஏறி நாம் தமிழில் பேசினால், ‘அரவவாடு’ என்று சிரிக்கிறார்களா, இல்லையா? ‘உங்க ஊருக்குப் போங்க’ என்கிறார்களா, இல்லையா? எந்த ஊருக்குப் போவது? நம் பாட்டன் முப்பாட்டன் மண்ணானது இந்த ஊரில்தானே!”

கூட்டம் விசிலடித்தது. என் பக்கத்தில் நின்ற தறிக்காரர் ஒருவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“நமக்கு வலித்த அதே வார்த்தையை நாம் இன்னொருவரைப் பார்த்துச் சொல்லலாமா? நம் வீட்டுப் பெண்களுக்கு இத்தனை வருஷம் ரவிக்கை தைத்துக் கொடுத்தவரிடம் ‘போ’ என்று சொல்ல நமக்கு நா எழுமா?”

“எழாது!” என்றது கூட்டம்.

அப்படிச் சொல்வதற்காக அந்தக் கூட்டத்தைக் கூட்டவில்லை. கோயில் தெருவிலிருந்து முஸ்லிம்களின் கடைகளைக் காலி பண்ணச் சொல்லும் கண்டனப் பேரணி அது. திருப்பதியிலிருந்து வந்திருந்த தலைவருக்குத் தமிழ் தெரியாது. எல்லாரும் தட்டுகிறார்களே என்று அவரும் தட்டினார்.

இது எப்படி நடந்தது என்று சொல்ல, எங்கள் பட்டிமன்றக் கதையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

சீட்டு எடுக்கிற வழக்கம்

எங்கள் ஊர் ஆந்திராவில், நகரிக்கும் புத்தூருக்கும் நடுவே. ஜில்லாவை இரண்டாகப் பிரித்தபோது நாங்கள் சித்தூரா திருப்பதியா என்று எங்களுக்கே சில மாதம் குழப்பம். விலாசம் கேட்டால், “ரெண்டுல ஒண்ணு” என்று சொல்லிக்கொண்டிருந்தோம். நான் அங்கே தமிழ் மீடியம் பள்ளியில் தமிழ் டீச்சர். பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, ஊருக்கே டீச்சர்.

மஹபூப் பாய் லேடீஸ் டெய்லர். கோயிலுக்குச் சொந்தமான வரிசைக் கடைகளில் ஒன்று அவருடையது. கடையில் பேசினால் எங்கள் ஊர்ப் பேச்சு. மேடையில் மைக்கைப் பிடித்துவிட்டால் அப்படியொரு தமிழ் வரும், அது எங்கிருந்து வருகிறது என்று நானே பலமுறை யோசித்திருக்கிறேன்.

பட்டிமன்றத்துக்குக் கூப்பிட்டால் வேனில் ஏறுவதற்கு முன்பு சீட்டு எடுப்போம். எந்த அணி என்று சீட்டில் வருகிறதோ அதைப் பேச வேண்டும். எனக்குப் பிடிக்காது, மனசாட்சி ஒத்துக்கொள்ளாது என்ற பேச்செல்லாம் கிடையாது. நாட்டுக்கு முதலில் தேவை பற்றா, பொறையா என்று ஒரு வருஷம் பொங்கலுக்குத் தலைப்பு வந்தது. பற்று என்ற சீட்டு பாய்க்குப் போனது. பொறையைப் பேசிய நான் படுதோல்வி. அன்றைக்கு பாய் பேசியதைக் கேட்டு ஒரு ரிடையர்டு ஹவில்தார் மேடையேறி சல்யூட் அடித்தார்.

பாயின் பாணி தனி. முதல் பாதி முழுக்க எதிரணியின் வாதத்தை எதிரணிக்காரரை விட நன்றாகச் சொல்வார். இரண்டாம் பாதியில் அதை உடைப்பார். “இடிக்கப் போற ஊடா இருந்தாலும் வெள்ளையடிச்சிட்டு இடிக்கணும் டீச்சர். அப்பதான் இடிக்கறவனுக்கு மரியாதை” என்பார்.

நான் பெரும்பாலும் நடுவர். யார் மனதும் நோகாமல் தீர்ப்புச் சொல்வதில் எனக்குப் பேர். இதைப் பெருமையாகத்தான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

பிச்சாட்டூரில் நடந்ததைச் சொல்லாமல் தாண்ட முடியாது. அங்கே ஒரு தெலுங்குப் பெரியவர், சர்பஞ்ச், ஊராட்சித் தலைவர் என்று நினைவு, முன்வரிசையில் இருந்தார். பட்டிமன்றம் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. நானும் பாயும் மேடையில் மாறி மாறிக் கத்துவதைப் பார்த்தவர், நிஜச் சண்டை என்று நினைத்து மேடைக்கே வந்துவிட்டார். “வத்தம்மா, வத்து பாய்” என்று தெலுங்கில் வேண்டாம் வேண்டாமெனக் கெஞ்சி, இருவர் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு போய் டீ வாங்கிக் கொடுத்து, கைகுலுக்க வைத்துத்தான் விட்டார். சமாதானம் ஆகிவிட்டதால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை என்று கமிட்டியும் விழாவை முடித்துவிட்டது. தலைப்பு, மாமியாரா மருமகளா.

“உங்கள பத்தி இல்ல பாய், பொதுவா”

தினேஷ் என் பழைய மாணவன். ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை. ஷிப்ட் பஸ்ஸில் போய் ஷிப்ட் பஸ்ஸில் வருவான். லீவு நாட்களில் தேசபக்தி. கெட்ட பையன் என்று சொல்ல மாட்டேன். என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ரத்தம் கொடுத்தவன் அவன்தான்.

“டீச்சர், ஞாத்திக்கெழம பேரணி. திருப்பதிலேர்ந்து தலைவர் வந்துகினு கீறார். ஒரு ஸ்பீச் எய்திக் குடுங்க” என்று வந்து நின்றான். விஷயம் என்னவென்று கேட்டேன். சொன்னான்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? காதைத் திருகி, “இது தப்புடா” என்று சொல்லியிருக்க வேண்டும். “பரீட்சைப் பேப்பர் திருத்தணும்பா, நேரமில்லை” என்றேன். எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் நடந்தது.

அவன் நேரே மஹபூப் பாயிடம் போனான். எட்டாவது படிக்கும்போது காந்தியடிகளைப் பற்றி பாய் எழுதிக் கொடுத்த பேச்சை ஒப்பித்துத்தான் அவன் ஜில்லாவில் பரிசு வாங்கினான். எங்கள் ஊரில் பணி ஓய்வு விழாவோ மஞ்சள் நீராட்டோ, எதற்குப் பேச்சு வேண்டுமென்றாலும் அந்தக் கடைக்குத்தான் போவார்கள். அந்தப் பழக்கத்தில் அவனும் போய்விட்டான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பேனரில் ‘கடைகள்’ என்று போட்டிருந்தார்களே, கோயில் தெருவில் இருந்தது ஒரே ஒரு முஸ்லிம் கடைதான். அது பாயுடையது.

இதை பாய் அவனிடம் கேட்டிருக்கிறார். அவன் கொஞ்சமும் தயங்காமல், “உங்கள பத்தி இல்ல பாய், பொதுவா” என்றிருக்கிறான்.

விஷயம் கேள்விப்பட்டு நான் ஓடினேன். மிஷின் மேல் தாளை வைத்து பாய் எழுதிக்கொண்டிருந்தார். காதில் பென்சில், கழுத்தில் அளவு டேப்.

“பாய், உங்களுக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு?”

“சீட்டு வுயுந்துட்ச்சு டீச்சர். இன்னா பண்றது?”

“எந்தச் சீட்டு? இது பட்டிமன்றமா? உங்க கடையைக் காலி பண்ணச் சொல்ற கூட்டம்!”

“அதான் சொல்றேன். வேற எவனாச்சும் எய்தினா கண்டபடி அசிங்கமா எய்துவான். நானே எய்திட்டா மரியாதையா போவும் இல்ல?” என்றவர், தாளிலிருந்து தலையைத் தூக்கி, “வெளியேறு… இதுக்கு எதுகையா ஒண்ணு சொல்லுங்க டீச்சர்” என்றார்.

சொல்லாமல் வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்ததில் நான்கு எதுகைகள் தோன்றின. அதுவும் உண்மை.

பதினைந்து நிமிஷம்

பேரணிக்குப் பதினைந்து நிமிஷம்தான் போலீஸ் பர்மிஷன். அதில் தலைவர் தெலுங்கில் ஐந்து நிமிஷம் எடுத்துக்கொண்டார். மிச்சம் பத்து. பாய்க்குச் சுருக்கமாக எழுதத் தெரியாது. வெள்ளையடிப்பது மட்டும் மூன்று பக்கம்.

தினேஷ் அதை முன்கூட்டிப் படித்துப் பார்க்கவில்லை. பாய் எழுதினால் பரிசு நிச்சயம் என்ற நம்பிக்கை. மூன்றாவது பக்கம் வரும்போது அவன் முகத்தில் லேசாகச் சந்தேகம் தட்டியதை நான் பார்த்தேன். ஆனால் கைதட்டல் யாரை விட்டது? குரலை இன்னும் உயர்த்தினான்.

நான்காவது பக்கத்தைத் திருப்பினான்.

“இப்படியெல்லாம் எதிரணி நண்பர்கள் சொல்வார்கள்! ஆனால்…”

மைக் நின்றது. பந்தோபஸ்துக்கு வந்திருந்த போலீஸ் சி.ஐ. கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, “டைம் அயிப்போயிந்தி, திகு திகு” என்றார். இறங்கச் சொல்கிறார். தினேஷ் தாளைக் காட்டிக் கெஞ்சினான். “சார், சார், அசல் மேட்டர் இனிமேத்தான் சார்!” சி.ஐ. அசைந்து கொடுக்கவில்லை. தேசம் காக்கிறவர்கள் நேரமும் காக்க வேண்டும் என்று தெலுங்கில் ஏதோ சொன்னார். கூட்டம் தினேஷைத் தோளில் தூக்கிக்கொண்டது.

மாலைக்குள் வீடியோ எல்லா போனிலும் ஓடியது. திருப்பதியில் ஒரு மத நல்லிணக்க மன்றம் தினேஷுக்கு சால்வை போடக் கூப்பிட்டது. அவனுடைய தலைவருக்கு யாரோ தமிழை மொழிபெயர்த்துச் சொல்லிவிட, அவர் விளக்கம் கேட்டு மெசேஜ் அனுப்பினார். இரண்டையும் தினேஷின் அம்மா தெருவில் எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். இரண்டும் பாராட்டு என்று நினைத்திருந்தார்.

தினேஷ் கோபமாக பாயின் கடைக்கு வந்தான். “இன்னா பாய் இப்டி பண்ட்டீங்க? என் மானமே போச்சு!”

பாய் அவனை விடக் கோபமாக இருந்தார். “யார்ரா உன்ன பாதில எறங்கச் சொன்னது? நாலாவது பக்கத்துலதான்டா வெசயமே! ரெண்டு நாள் முயிச்சிகினு எய்தினேன். ஒரு ஜாக்கெட்டுக்குக் கூட கொக்கி வெக்கல. என் பேச்சு பாழாப் போச்சு!”

அதோடு விட்டாரா? ஸ்டேஷனுக்கே போய்விட்டார். நானும் கூடப் போனேன், இல்லாவிட்டால் உள்ளே வைத்துவிடுவார்களோ என்ற பயத்தில். தன் கடையைக் காலி பண்ணச் சொல்லும் பேச்சை முடிக்க இன்னும் பத்து நிமிஷம் பர்மிஷன் வேண்டும் என்று பாய் எழுதிக் கொடுத்த மனுவை சி.ஐ. இரண்டு தடவை படித்தார். பிறகு என்னைப் பார்த்து, “மேடம், இதனிக்கி பிச்சா?” என்று கேட்டார். பைத்தியமா என்று. நான் சொன்ன பதிலை பாய் இன்னும் மன்னிக்கவில்லை.

நடுவர் தீர்ப்பு

எல்லாம் அந்தச் சிரிப்போடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடையைக் காலி பண்ணச் சொல்லிப் பேரணிக்காரர்கள் கொடுத்த மனு கோயில் கமிட்டியில் இருந்தது. திருவிழாவுக்கு முன்னால் முடிவு எடுக்க வேண்டும். கடை போனால் பாய்க்கு வேறு பிழைப்பு இல்லை. வீட்டில் வைத்துத் தைக்கலாமென்றால் அவர் வீடு ஊருக்கு வெளியே, அளவு கொடுக்க எந்தப் பெண் அவ்வளவு தூரம் போவாள்?

கமிட்டி சேர்மன் நல்ல மனிதர், முடிவெடுப்பது ஒன்றுதான் அவருக்கு ஆகாது. “ரெண்டு பக்கமும் பேசட்டும். டீச்சர் நடுவரா குந்தட்டும்” என்றுவிட்டார். மண்டபத்தில் எனக்கு நாற்காலி, மணி, தண்ணீர் பாட்டில் எல்லாம் தயார். நானும் போய் உட்கார்ந்தேன்.

தினேஷ் நான்காவது பக்கத்திலிருந்து படித்தான்.

“பழக்கம் வேறு, உரிமை வேறு. கோயில் தெரு கோயிலின் முற்றம். தன் முற்றத்தில் யார் உட்காரலாம் என்று வீட்டுக்காரன் சொல்லக் கூடாதா? நல்ல விருந்தாளி, கை கழுவச் சொம்பு வரும்வரை காத்திருப்பதில்லை. அன்பு இருந்தால், சொல்வதற்கு முன்பே எழுந்துவிடுவான்.”

தலைகள் மெல்ல ஆடின. ஓரத்தில் உட்கார்ந்திருந்த பாயின் உதடுகளும் அவனோடு சேர்ந்து அசைந்தன. ஒரு இடத்தில் தினேஷ் நிறுத்தாமல் ஓடியபோது, “மூச்சு வுடு, மூச்சு வுடு” என்று கையைக் காட்டினார்.

முடிந்ததும் நான், “எதிரணி?” என்றேன்.

பாய் எழுந்தார். “பதில் இல்ல டீச்சர். கொஞ்சம் நல்லாவே எய்திட்டேன்” என்றார்.

மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் உட்காரும்போது நாற்காலியைக் கையால் தடவிப் பார்த்து உட்கார்ந்தார், கண் தெரியாதவர் மாதிரி. அதைப் பார்த்தும் நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு மணியடித்து, வழக்கம்போலத் தீர்ப்புச் சொன்னேன். பற்றும் வேண்டும், பொறையும் வேண்டும். ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு வைக்க முடியாது. இரு அணியும் நியாயத்தையே பேசின. கைதட்டினார்கள். சுண்டல் கொடுத்தார்கள். கமிட்டி என் தீர்ப்பை அப்படியே தீர்மானமாக எழுதியது. இரண்டு பக்கமும் நியாயம் என்று நடுவர் கூறியபடியால், மற்ற நாட்களில் கடை திறந்திருக்கலாம், திருவிழாப் பத்து நாளும் மூடியிருக்க வேண்டும்.

லேடீஸ் டெய்லருக்குத் திருவிழாப் பத்து நாள்தான் வருஷம். மற்றதெல்லாம் கிழிசல் தைக்கிற வேலை. வெளியே வந்து பாய் என் கையைப் பிடித்து, “அருமையான தீர்ப்பு டீச்சர்” என்றார். கிண்டல் இல்லை, மனதாரத்தான் சொன்னார்.

ஜரீனா கேட்டது

திருவிழாவின் முதல் நாள் மனசு கேட்காமல் பாய் வீட்டுக்குப் போனேன். அவர் தொழுகைக்குப் போயிருந்தார். மனைவி ஜரீனா மட்டும் இருந்தாள். மேடை, பேச்சு எதற்கும் வராதவள். நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள்.

“எல்லாரும் நல்லாத்தான் பேசினீங்களாமே டீச்சர்” என்றாள். “ஊரே சொல்லிகினு கீது. அத்தினி பேர் இருந்தீங்க. ஒருத்தராச்சும் வேணாம்னு சொல்லியிருக்கலாம் இல்ல?”

குரலை உயர்த்தவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். வழியெல்லாம் அழுதேன், ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்க்கிறார் என்று தெரிந்தும்.

மறுநாள் காலை சேர்மன் வீட்டுக்குப் போய், கூடத்தில் நின்றபடியே, “வேண்டாம்” என்றேன்.

“இன்னா வேணாம் டீச்சர், காபியா?” என்றார்.

“காபியும் வேண்டாம், அந்தத் தீர்மானமும் வேண்டாம். கடையைத் திறக்கச் சொல்லுங்க.”

“நடுவர் சொன்னதுக்கு மேல அப்பீல் ஏது டீச்சர்?” என்று அவர் கும்பிட்டார். நடுவரே நான்தான் என்றேன். அதனால்தான் மாற்ற முடியாது என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் நேரே கோயில் தெருவுக்குப் போய், மூடிய ஷட்டர் முன்னால் படியில் உட்கார்ந்துவிட்டேன். போராட்டம் என்று எனக்கு நினைப்பு. பார்க்கிறவர்களுக்கு அது தெரியவில்லை. பட்டுப்புடவை கட்டி உட்கார்ந்திருந்ததால் அன்னதானத்துக்கு வசூல் என்று இரண்டு பேர் ரசீது கேட்டார்கள். ஒரு பெண் வந்து, “பாய் இல்லியா? இத்த குடுத்துருங்க டீச்சர், கல்யாண உற்சவத்துக்கு ஓணும்” என்று ரவிக்கைத் துணியும் அளவு ஜாக்கெட்டும் வைத்த பையைக் கொடுத்துவிட்டுப் போனாள். அதைப் பார்த்து இன்னொருத்தி. மதியத்துக்குள் மடி கொள்ளாமல் பைகள். சேர்மன் வீட்டு அம்மாளே வந்து ஒன்றைக் கொடுத்து, கழுத்து மட்டும் போன தடவை மாதிரி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் எல்லாவற்றையும் பாயிடம் கொண்டுபோய்க் கொட்டினேன். அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்.

“எது யாருதுன்னு எய்தி வெச்சீங்களா?”

நான் எழுதவில்லை. ஒன்றில்கூட.

“டீச்சர்!” என்று தலையில் அடித்துக்கொண்டார். பட்டிமன்றத்தில்கூட என்னை அப்படி முறைத்ததில்லை.

அத்தனை பெண்களும் அவ்வளவு தூரம் வந்து துணியை அடையாளம் காட்டப் போவதில்லை, வேறு வழியே இல்லை. மறுநாள் காலை ஷட்டரைத் தூக்கினார். துணியை அடையாளம் காட்டச் சொல்லி நான் வீடு வீடாகச் சொல்லி வந்திருந்தேன். பெண்கள் கோயிலுக்குப் போகிற வழியில் கடை வாசலில் நின்று, “என்து அந்த மாம்பயக் கலரு” என்று பிரித்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். தினேஷின் அம்மாவும் இருந்தார். சற்றுத் தள்ளி, போனைப் பார்க்கிற மாதிரி தினேஷ் நின்றுகொண்டிருந்தான்.

சேர்மன் நாலு பேரோடு வந்தார். திறந்த கடையைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“டீச்சர், தீர்ப்பு இன்னா ஆச்சு?”

எல்லாரும் திரும்பினார்கள். எத்தனையோ மேடைகளில் நடுவராக இருந்தவள் நான். அந்த வார்த்தை என் வாயிலிருந்து அதுவரை வந்ததில்லை.

“தப்பாச் சொல்லிட்டேன்” என்றேன்.

சேர்மன் கூட வந்தவர்களைப் பார்த்தார். அவர்கள் கோபுரத்தைப் பார்த்தார்கள். சேர்மன் கடைப் படியருகே வந்து, குரலைத் தாழ்த்தி பாயிடம் கேட்டார்.

“எங்கூட்டம்மா துணி எப்போ ரெடியாவும்?”